கறுப்புப் பந்து விழும்வரை

பூமிநாதன் இறந்தபோது மேசையில் ஆறு சிவப்புப் பந்துகள் மீதி இருந்தன.

வீட்டாருக்கு அது தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம், மாவடியேந்தல் சமுதாயக் கூடத்தில், தென்னாட்டுத் தொழில்முறை ஸ்நூக்கர் பேரவையின் கோப்பைக்கான அரையிறுதி நடந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் பூமிநாதன் கட்டிலில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்தார். மகன் அய்யப்பன் செம்பில் தண்ணீர் எடுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மனைவி குருவம்மாள் அவர் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

பாதிச் சத்தம் வந்தபோதே வாசலில் அழகுராஜா நின்றான். உள்ளூர்ப் பையன். அருப்புக்கோட்டையில் மொபைல் கடை வைத்திருக்கிறான். இப்போது பேரவையின் ஒருங்கிணைப்பாளன். கழுத்தில் அட்டை தொங்கியது. உதட்டின் மேல் விரல் இருந்தது.

"அத்தே, மெதுவா. உள்ள அடிக்கப் போறாக."

"என்னலே சொல்ற? ஒங்க மாமா போயிட்டாருடா."

"தெரியுது அத்தே. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. அடிச்சு முடிச்சிரட்டும்."

குருவம்மாள் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். சுவருக்கு அப்பால் பந்து பந்தைத் தொடும் சத்தம் கேட்டது. கைதட்டினார்கள்.

"இப்ப அழுவுங்க," என்றான் அழகுராஜா.

அவள் தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள்.

"போதும் அத்தே. அடுத்தது அடிக்கக் குனிஞ்சிட்டாக."

அவன் சொன்னதில் தவறில்லை. ஊர் வாக்குக் கொடுத்திருந்தது. போட்டி முடியும்வரை ஊரில் சத்தம் எழாது என்று ஊர்த்தலைவர் தங்கபாண்டி கோயிலில் சூடம் அடித்துச் சொல்லியிருந்தார். பதிலுக்குப் பேரவை, குடிதண்ணீர் சுத்திகரிக்கும் பிளாண்ட் வைத்துத் தரும். மாவடியேந்தலில் எங்கே தோண்டினாலும் உப்பு. நரிக்குடிப் பக்கமிருந்து வண்டியில் வரும் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். அதனால் கோயில் ஒலிபெருக்கிக் குழாயைக் கழற்றினார்கள். நாய்களைப் பிடித்து அய்யப்பன் கரிமூட்டை ஓட்டும் வண்டியில் ஏற்றித் தொலைவில் கொண்டுபோய் விட்டார்கள். சேவல்களை உறவுக்காரர் ஊர்களுக்கு அனுப்பினார்கள். பந்தல்குடியில் சம்பந்தி உள்ளவர்களுக்குச் சிரமம் இருக்கவில்லை. மற்றவர்கள் குழம்பு வைத்தார்கள்.

தொடக்க விழாவில் பேரவைத் தலைவர் சந்தானகிருஷ்ணன் இப்படிப் பேசினார்:

"எங்களுக்கு ஒரே எதிரி ஈரம். காற்றில் ஈரம் இருந்தால் மேசைத் துணி கனக்கும். பந்து சோம்பேறியாகும். சென்னையில் ஆடினோம், கடல். கேரளாவில் ஆடினோம், மழை. கடைசியில் வானிலை அறிக்கைகளை எடுத்துப் பார்த்தோம். திருச்சுழி வட்டாரத்தில் கண்மாய் நிறைந்து பல வருடம் ஆகிறது என்று இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு அருமையான இடத்தை இத்தனை நாள் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லையே!"

ஊர் கைதட்டியது. தங்கள் ஊரை நினைத்து வெளியூர்க்காரர் ஒருவர் கண் கலங்கியது அதுதான் முதல்முறை.

அய்யப்பன் வீட்டுக்குப் பின்னால் போய், குரலைத் தாழ்த்தி, மஸ்கட்டிலிருந்த தங்கை முருகலட்சுமிக்குப் போன் செய்தான். அவள் அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"நான் கெளம்பி வாரேண்ணே. மொகத்தப் பாக்காம எடுத்துறாதீக. நாலு வருசமா வீடியோவுலதான பாத்தேன். அதுலயும் நெத்தி மட்டுந்தாண்ணே தெரியும். போன அப்பிடித்தான் பிடிப்பாரு."

"எப்பத்தா வருவ?"

"நாளைக்கு மத்தியானம் மருதையில எறங்கிருவேன். அதுவரைக்கும் வச்சிருங்கண்ணே."

"வச்சிருக்கேன் தாயி," என்றான். காப்பாற்ற முடியாத வாக்காக அது அப்போது தோன்றவில்லை. அருப்புக்கோட்டைக்கு ஐஸ் பெட்டி சொல்லிவிட்டான்.

பெட்டி வருவதற்கு முன்னால் பேரவைத் தலைவர் வந்தார். கோட்டும் கழுத்தில் போ டையும் அணிந்திருந்தார். தங்கபாண்டி அவர் பின்னால் கைகட்டி வந்தார். தலைவர் செருப்பைக் கழற்றினார். துக்க வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"மரணம் இயற்கையானது," என்றார். "பேரவை அதற்கு எதிரானது அல்ல. அதன் சத்தம்தான் எங்களுக்குப் பிரச்சினை."

"கொட்டுக்குச் சொல்லிருக்கேங்க," என்றான் அய்யப்பன். "அதில்லாம எடுக்கிற வழக்கம் இல்ல."

"கொட்டு அடித்தால் தரை அதிரும். மேசைக்கு அடியில் இருப்பது கற்பலகை. மயிரிழை அசைந்தால் பந்து தானாக உருளும். அதற்கு யார் பொறுப்பு? உங்கள் அப்பாவா?"

அய்யப்பன் யோசித்தான். "இல்லீங்க."

"பார்த்தீர்களா? நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள்."

உடலைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாமே என்றார் தலைவர். தங்கபாண்டி தலையைச் சொறிந்தார். "அது முடியாதுங்கய்யா. வீட்ட விட்டு எடுத்துட்டா நேரா சுடுகாடுதான். நடுவுல எறக்கி வக்கிற பழக்கம் எங்களுக்குக் கெடையாது."

"மரபை மதிக்கிறோம். நாங்களும் மரபு உள்ளவர்கள்தான். போ டை கட்டாமல் ஆடிய ஒருவரை இரண்டு வருடம் தள்ளி வைத்தோம்." தலைவர் பூமிநாதனின் முகத்தைப் பார்த்தார். "எங்களிடம் இடைவேளை இருக்கிறது. நாலு ஃப்ரேம் முடிந்தால், அதாவது நாலு ஆட்டம் முடிந்தால், மணி அடிப்போம். அடுத்த மணிவரை நீங்கள் அழலாம். எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் அழலாம். அதில் நாங்கள் தலையிட மாட்டோம்."

ஊர்த்தலைவர் அய்யப்பனின் தோளைத் தொட்டார். "நல்ல தண்ணி வருதுல்லப்பா," என்றார்.

பந்தல்குடியிலிருந்து பூமிநாதனின் தங்கை சுப்பம்மாள் வந்தாள். அவள் ஒப்பாரி சொன்னால் பகையாளியும் அழுவான். அவளை வாசலிலேயே நிறுத்தி அழகுராஜா விவரம் சொன்னான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏலே, எங்கண்ணன் செத்ததுக்கு அழுக நான் ஒங்கிட்டப் பெல்லு வாங்கணுமாக்கும்?"

"எங்கிட்ட இல்ல சின்னம்மா. நடுவர்ட்ட."

மணி அடித்தது. பெண்கள் தோளில் தோள் சேர்த்து உட்கார்ந்தார்கள். சுப்பம்மாள் அண்ணன் பிறந்ததிலிருந்து ஆரம்பித்தாள். அவர் மாடு மேய்த்த இடம் வரும்போது இரண்டாவது மணி அடித்தது. அடுத்த இடைவேளையில் மறுபடி பிறப்பிலிருந்து தொடங்கினாள். அதுதான் முறை. கல்யாணம்வரை போக முடிந்தது. அதற்கடுத்த இடைவேளையில் பிறப்பையும் மாட்டையும் கல்யாணத்தையும் விட்டுவிட்டு நேராகச் சாவுக்குப் போனாள். மணி அடித்தபோது அவள் முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒரு வெறுமை இருந்தது.

"ரொம்ப நேர்த்தி," என்று தலைவர் சொல்லி அனுப்பினார்.

ஐஸ் பெட்டி வந்தது. பூமிநாதனை உள்ளே வைத்துச் சுவிட்சைப் போட்டார்கள். பெட்டி உறுமியது. சற்று நேரத்தில் வெள்ளைக் கையுறை போட்ட நடுவர் வந்தார். யாரிடமும் பேசவில்லை. குனிந்து, பூமிநாதனின் முகத்துக்கு நேர் மேலே கண்ணாடியில் காதை வைத்தார். பிறகு நிமிர்ந்து கூடத்துக்குப் போய், அங்கிருந்து காதைக் கொடுத்தார். திரும்பி வந்தார்.

"கேட்கிறது," என்றார்.

ஏற்பாடு ஒன்று செய்தார்கள். அய்யப்பனின் சித்தப்பா மகன் கோட்டைச்சாமி கூடத்தின் சன்னலில் நின்று உள்ளே பார்ப்பான். ஆட்டக்காரர் அடிக்கக் குனிந்தால் கையை இறக்குவான். அய்யப்பன் சுவிட்சை அணைப்பான். நிமிர்ந்தால் கையை ஏற்றுவான். அய்யப்பன் போடுவான்.

துக்கம் கேட்க வந்தவர்கள் வழக்கப்படி அய்யப்பனின் கையைப் பிடிக்க வந்தார்கள். வலது கை சுவிட்சில் இருந்தது. இடது கையைக் கொடுத்தான். அவன் கண் கோட்டைச்சாமியின் மேலேயே இருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்க்க அவனுக்கு நேரமில்லை.

மத்தியானம் அழகுராஜா மறுபடி வந்தான். இப்போது தயங்கினான்.

"அண்ணே, டிவியில சேரெல்லாம் காலியாத் தெரியுதாம். நம்ம சனம் இங்கன சும்மாதான உக்காந்திருக்கு. பேசாம இருக்கவும் பழகிட்டாக. உள்ள வந்து உக்காரச் சொல்லுங்களேன். ஏசி போட்டிருக்கு."

வெயில் பந்தல் ஓலையைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. ஆண்கள் முதலில் எழுந்தார்கள். பிறகு பெண்கள். பேரவைக்கு அப்படிப்பட்ட ரசிகர்கள் எந்த நகரத்திலும் கிடைத்ததில்லை. இருமவில்லை, போனை எடுக்கவில்லை. நெட்டை ஆட்டக்காரர் சுலபமான பந்து ஒன்றைத் தவறவிட்டபோது, காமிரா வரிசையாக அழுத முகங்களைக் காட்டியது. ஆட்டத்தை இவ்வளவு நேசிக்கும் கிராமத்தைத் தான் கண்டதில்லை என்றார் வர்ணனையாளர். அவர் குரலும் கம்மியது.

கோட்டைச்சாமியும் சன்னலை விட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டான். அங்கிருந்து கை காட்டினான். ஆட்டத்தில் லயித்தபோது காட்ட மறந்தான். ஞாபகம் வந்தபோது வேகமாக ஏற்றி இறக்கினான். அய்யப்பன் அத்தனைக்கும் சுவிட்சைத் தட்டினான். சாயங்காலம் பெட்டி ஒருமுறை குலுங்கி நின்றது. பிறகு உறுமவே இல்லை.

பெட்டிக்காரருக்குப் போன் செய்தான்.

"எத்தன தடவ அணைச்சுப் போட்டீக?"

"எண்ணலண்ணே. அவுக குனியுறப்பல்லாம்."

"ஏம்ப்பா, அது ஐஸ் பெட்டியா, காலிங் பெல்லா? கம்ப்ரஸர் போயிருச்சு. அந்த ஊருக்கு இன்னொரு பெட்டி தர மாட்டேன்."

அழகுராஜா வேறு இடங்களில் விசாரித்தான். பெட்டி போன கதை அவனுக்கு முன்னால் போயிருந்தது. குருவம்மாள் எழுந்தாள். காலையிலிருந்து அவள் வாய் திறக்காததால் குரல் கட்டியிருந்தது.

"கூடத்துக்குள்ள குளுகுளுன்னு இருக்காம்ல? அங்கன ஒரு மூலையில வைப்போம்ப்பா."

"வீட்ட விட்டு எடுத்தா..." என்று தங்கபாண்டி தொடங்கினார்.

"வழக்கமெல்லாம் எனக்குந் தெரியும். எம்மக அவ அப்பன் மொகத்தப் பாக்கணும். அந்தக் குத்தம் என்னோட போகட்டும்."

அய்யப்பன் தலைவரிடம் கேட்டான். தலைவர் உடனே மறுக்கவில்லை. நடுவரை அழைத்தார். நடுவர் ஈரமானியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"உயிரோடு இருக்கும் பார்வையாளர்கள் விடும் ஈரத்தைக் கணக்கில் எடுத்திருக்கிறோம்," என்றார். "இறந்தவர்களுக்குக் கணக்கு இல்லை."

"கணக்கு இல்லாததை எப்படி அனுமதிப்பது?" என்றார் தலைவர். "நான் மனிதாபிமானி. ஆனால் நாளை இறுதி ஆட்டம். தோற்றவர் வந்து, அந்த உடல் விட்ட ஈரத்தால்தான் தோற்றேன் என்றால் உங்கள் அப்பாவின் பெயர் அல்லவா கெடும்?"

அருப்புக்கோட்டையிலிருந்து ஐஸ் கட்டிகள் கொண்டுவந்து பூமிநாதனைச் சுற்றி அடுக்கினார்கள். காலைக்குள் உருகி ஓடின. இரண்டாவது லோடு வந்தபோது ஈரமானியுடன் நடுவர் வாசலில் நின்றார். உருகும் தண்ணீர் சுவரின் அடிவழியாகக் கூடத்தை எட்டுகிறது என்றார். லோடு திரும்பிப் போனது.

இறுதி ஆட்டம் தொடங்கியது. நெட்டை ஆட்டக்காரருக்கும் கண்ணாடி போட்டவருக்கும் போட்டி. பத்தி கொளுத்தினார்கள். பன்னீர் தெளித்தார்கள். வெயில் ஏறியது. கண்ணாடிக்காரர் ஒருமுறை அடிக்கக் குனிந்து, நிமிர்ந்து, கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். நடுவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் தங்கபாண்டியைப் பார்த்தார். தங்கபாண்டி அய்யப்பனிடம் வந்தார்.

"எடுத்துருவம்ப்பா."

"தங்கச்சி மருதையில எறங்கிட்டா மாமா. கார்ல வந்துக்கிட்டு இருக்கா."

"வாடை வந்துருச்சுடா. ஊரே வாக்குக் குடுத்திருக்கு."

"நாங்க சத்தம் போடலயே மாமா."

தங்கபாண்டி ஆட்களைக் கூப்பிட்டார். பாடை கட்டச் சொன்னார். குளிப்பாட்டினார்கள். கோடி போர்த்தினார்கள். நாலு பேர் தோள் கொடுத்து வாசலைத் தாண்டியபோது நடுவரே ஓடி வந்து கையை நீட்டித் தடுத்தார். தெருவுக்குப் போகும் வழி கூடத்தின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் போகிறது. ஆட்டக்காரரின் பார்வைக் கோட்டில் எதுவும் நகரக் கூடாது.

"நாற்றம் தடை," என்றார் தலைவர். "எடுத்துப் போகட்டும்."

"நகர்வும் தடை," என்றார் நடுவர். "இந்த ஃப்ரேம் முடியட்டும்."

"எது பெரிய தடை?"

"விதிகளில் அப்படிப் பிரிக்கவில்லை."

நாலு பேரும் பாடையைத் தோளில் வைத்தபடி நின்றார்கள். அய்யப்பன் முதல் முறையாகக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தான். கடைசி ஃப்ரேம். பச்சைத் துணியில் வெள்ளைப் பந்து ஒன்று, கறுப்புப் பந்து ஒன்று. கறுப்பை யார் குழியில் தள்ளுகிறாரோ அவருக்குக் கோப்பை. தவறினால் அடுத்தவருக்கு லாபம். அதனால் இருவருமே தள்ளவில்லை. நெட்டையர் கறுப்பை ஓரமாக ஒதுக்கினார். கண்ணாடிக்காரர் அதை இன்னொரு ஓரத்துக்கு ஒதுக்கினார்.

போன் அதிர்ந்தது. "காரியாபட்டி தாண்டிட்டேண்ணே."

கறுப்பு விழாதவரை அப்பாவை எடுக்க முடியாது. அய்யப்பனுக்கு அது இப்போதுதான் விளங்கியது. கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டான். உள்ளே உட்கார்ந்திருந்த உறவினர்களுக்கும் விளங்கிவிட்டது. சுப்பம்மாள் மடியில் கை கூப்பியிருந்தாள்.

"என்னப்பா பண்ணுறாக?" என்று கேட்டாள் குருவம்மாள்.

"ரெண்டு பேரும் போட மாட்டேங்கிறாகம்மா. மாத்தி மாத்தி ஒளிச்சு வைக்கிறாக."

"நல்ல பிள்ளைக," என்றாள் குருவம்மாள். "யாரு பெத்த பிள்ளைகளோ. நல்லா இருக்கணும்."

"அருப்புக்கோட்டை வந்தாச்சுண்ணே."

நெட்டையர் மேசையைச் சுற்றி நடந்தார். சாக்கட்டியைக் குச்சி முனையில் தேய்த்தார். குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி நடந்தார். வர்ணனையாளர் அலுத்துக்கொண்டார். மாவடியேந்தலில் அலுத்துக்கொண்டவர்கள் வேறு யாரும் இல்லை. பாடை தூக்கியவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். கண்ணாடிக்காரர் கறுப்பை மூலைக்கு அனுப்பினார். நெட்டையர் அதை மூலையிலிருந்து எடுத்தார்.

"திருச்சுழிண்ணே. டிரைவர வெரட்டிக்கிட்டு வாரேன்."

"வா தாயி, வா," என்றான் அய்யப்பன். மூச்சு கண்ணாடியில் படிந்தது. துடைத்தான்.

நெட்டையர் கறுப்பை மறுபடி ஓரத்துக்குத்தான் அனுப்ப நினைத்தார். கொஞ்சம் கூடுதலாக அடித்துவிட்டார். அது எதிர்ப்பக்கம் மோதி, திரும்பி, இன்னொரு பக்கம் மோதி, அவர் பார்த்தே இராத ஒரு குழியின் விளிம்பில் வந்து நின்றது. பிறகு விழுந்தது.

நெட்டையர் ஒரு கையை உயர்த்தினார். குறிவைக்காத பந்து விழுந்துவிட்டால் கையை உயர்த்தி வருத்தம் தெரிவிப்பது அந்த ஆட்டத்தின் நாகரிகம். வருத்தம் தெரிவித்துவிட்டுச் சிரித்தார்.

பேரவைக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அழகுராஜா வெளியே ஓடி வந்தான்.

"கைதட்டு நிக்கிறதுக்குள்ள தாண்டிருங்கண்ணே. அடுத்து அய்யா பேசுறாக."

கைதட்டலுக்கு நடுவே பூமிநாதன் தெருவைக் கடந்தார். கொட்டு இல்லை. அழ அனுமதி இருந்தது. யாருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. பழகிய அமைதியில் பெண்கள் தெருமுனைவரை வந்து நின்றுகொண்டார்கள். கொட்டுக்காரர்களைக் கோப்பை ஊர்வலத்துக்கு அழகுராஜா கேட்டு வைத்திருந்தான்.

கழற்றி வைத்திருந்த கோயில் குழாயை மறுபடி கட்டியிருந்தார்கள். தலைவரின் பேச்சு சுடுகாடுவரை கேட்டது.

"தண்ணீர் பிளாண்ட் பற்றிக் கேட்டார்கள். எங்கள் நிபுணர்களிடம் பேசினோம். தண்ணீர் வந்தால் மரம் வைப்பார்கள், தோட்டம் போடுவார்கள், காற்றில் ஈரம் ஏறும். இந்த ஊரின் செல்வமே அதன் வறட்சி. அதை அழிக்கும் பாவத்தைப் பேரவை ஒருபோதும் செய்யாது. அடுத்த ஆண்டும் இங்கேதான் சந்திப்போம்."

தங்கபாண்டி வரட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். கை ஒரு கணம் நின்றது. பிறகு அடுக்கினார்.

கார் கண்மாய்க்கரையில் நின்றது. முருகலட்சுமி கருவேல முள்ளுக்குள் ஓடி வந்தாள். பெண்கள் சுடுகாட்டுக்கு வரும் வழக்கம் இல்லை. யாரும் தடுக்கவில்லை. முகத்தின் மேல் துணியைப் போட்டு மூடியிருந்தார்கள்.

"தொறண்ணே."

"வேணாந் தாயி."

"அதுக்குத்தானண்ணே வந்தேன்."

அய்யப்பன் துணியை விலக்கினான். அவனும் அப்போதுதான் சரியாகப் பார்த்தான். முருகலட்சுமி குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் எத்தனையோ முகங்களைப் பார்த்தவள்.

"அப்பாதானாண்ணே?"

"அப்பாதான்."

அவள் துணியைத் தானே எடுத்து மூடினாள். வாய்க்கரிசியைத் துணியின் மேலேயே போட்டாள். அழவில்லை.

ஊர்ப் பக்கமிருந்து கொட்டுச் சத்தம் எழுந்தது. இரண்டு நாளாகச் சும்மா இருந்த கைகள். அடி பலமாக இருந்தது. முருகலட்சுமி தலையைத் தூக்கினாள்.

"அப்பாவுக்காண்ணே?"

அய்யப்பன் தங்கபாண்டியைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்தார்.

"ஆமா தாயி. அப்பாவுக்குத்தான்."

"அப்ப அவுக வந்து சேரட்டும். அதுக்கப்புறம் கொள்ளி வைண்ணே."

அய்யப்பன் கொள்ளியைத் தாழ்த்தினான். எல்லோரும் ஊர்ப் பாதையைப் பார்த்து நின்றார்கள். கொட்டு திருச்சுழி ரோட்டில் ஏறி, அந்தப் பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது.